குட்டியைப் பார்க்காதீங்க, அம்மாவைப் பாருங்க

போன வாரம் நம்ம தேர்ட் இயர் வாட்ஸ்அப் க்ரூப் ஒண்ணுல ஒரு போட்டோ வந்துச்சு. பச்சை பிளாஸ்டிக் கூடை, உள்ளே ஒரு துண்டு, துண்டு மேல க்ரீம் கலர்ல லேப்ரடார் குட்டி. கீழே, "லேப் மேல், 35 டேஸ், ஹெவி போன், பஞ்ச் ஃபேஸ், 9,000 ஒன்லி, பஸ் டெலிவரி அவைலபிள்." டே ஸ்காலர் நண்பன் ஒருத்தனுக்குப் பிறந்தநாள் பரிசாம். தலைக்கு 500 ரூபாய்னு 18 பேர்கிட்ட வசூல். 17 பேர் கொடுத்துட்டாங்க. நான் கொடுக்கலை. கஞ்சப்பயல்னு எனக்கு ஸ்டிக்கர் ரெடி பண்ணியாச்சு. ஏன் கொடுக்கலைன்னு க்ரூப்புல டைப் பண்ணா நாலு வரிக்கு மேல யாரும் படிக்க மாட்டீங்க. அதனால இங்க எழுதறேன்.

எங்க வீடு வேடசந்தூர் பக்கம் ஒரு கிராமம். கொஞ்சம் தோட்டம், பத்துப் பதினைஞ்சு ஆடு. அப்பா வியாழக்கிழமையானா அய்யலூர் சந்தைக்குப் போறவர். அவரோட நானும் சின்ன வயசுல இருந்து போயிருக்கேன். ஒரு பெட்டை ஆடு வாங்க அவர் எடுத்துக்கற நேரத்துல நாம ஒரு இன்டர்னல் எக்ஸாம் எழுதி முடிச்சிடலாம். வாயைத் திறந்து பல்லு எண்ணுவார். முதுகெலும்பை அமுக்கிப் பார்ப்பார். வாலைத் தூக்கி, கழிச்சல் ஒட்டியிருக்கான்னு பார்ப்பார். மடியைத் தொட்டுப் பார்ப்பார். அப்புறம் கேள்வி: இது எத்தனாவது ஈத்து, தாயாடு ஒத்தைக் குட்டி போடுமா ரெட்டைக் குட்டி போடுமா, தாய் எங்க நிக்குது? தாயைக் காட்ட முடியாதுன்னா பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்னு நடந்துடுவார்.

அதே அப்பா ஒரு லேப்ரடார் குட்டியைப் பத்து நிமிஷத்துல வாங்கினார்.

தங்கச்சி பத்தாம் வகுப்புல நல்ல மார்க் எடுத்தா நாய்க்குட்டின்னு ஒரு வாக்கு கொடுத்திருந்தார். இன்ஸ்டாகிராம்ல நான்தான் ஆளைப் பிடிச்சேன். "45 நாள் ஆச்சு, முதல் ஊசி போட்டாச்சு, ஆத்துமேட்டுல வந்து நில்லுங்க, பைக்ல கொண்டாந்து தர்றேன்"னு சொன்னார். சொன்ன மாதிரியே வந்தார், அட்டைப் பெட்டியோட. குட்டி தங்கச்சி கையை நக்குச்சு. அவ்வளவுதான், பேரமே பேசலை. சீசர்னு பேர் வெச்சோம்.

மூணாவது நாள் சாப்பிடலை. நாலாவது நாள் வாந்தி, அப்புறம் ரத்தக் கழிச்சல். கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். டாக்டர் பார்த்ததுமே பார்வோன்னு சொல்லிட்டார். சலைன் ஏத்திட்டே குட்டியோட வாயைத் திறந்து பார்த்தவர் கேட்டார்: "கடைவாய்ப் பல்லே இன்னும் சரியா முளைக்கலை, இதைப் போய் 45 நாள்னு யார் சொன்னது? தாயைப் பார்த்தீங்களா?" ஆட்டுக்கு ஆயிரம் தடவை பல்லு பார்த்த மனுஷன் தலையைக் குனிஞ்சு நின்னதை நான் அன்னிக்குத்தான் பார்த்தேன். ஆறாவது நாள் காலையில சீசர் செத்துப் போச்சு. வித்தவருக்குப் போன் போட்டா, "எங்ககிட்ட இருந்து போகும்போது நல்லாத்தான் இருந்துச்சு"ன்னு ஒரே பதில். அப்புறம் அந்த நம்பர் எடுக்கவே இல்லை.

இதை அழுகாச்சிக் கதையா சொல்ல வரலை. அந்த ஆளை மட்டும் குறை சொல்லவும் வரலை. குட்டியோட முகத்தை மட்டும் பார்த்து வாங்கினது நாங்க. அந்த வியாபாரம் ஓடறதே எங்களை மாதிரி ஆளுங்களாலதான்.

டாக்டர் கேட்ட அந்தக் கேள்வியில எவ்வளவு இருக்குன்னு அப்புறம்தான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். முதல்ல அந்த 35 நாள் கணக்கு. விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2017-இல் மத்திய அரசு நாய் இனப்பெருக்கம், விற்பனைக்குன்னே தனி விதிகள் கொண்டு வந்தது. அதன்படி 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. 8 வாரம்னா 56 நாள். அப்புறம் ஏன் எல்லா விளம்பரத்துலயும் 30, 35, 40 நாள்? குட்டி சின்னதா இருந்தா அழகா இருக்கும், சீக்கிரம் விலை போகும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் செலவு. முதல் ஒரு மாசம் குட்டிகளுக்குச் சோறு போடறது தாய். அதோட பால்தான். நாலாவது வாரத்துக்கு மேல பால் குறையும், குட்டிக்குத் தனியா தீனி வேணும். குடற்புழு மருந்து, முதல் தடுப்பூசி, எட்டுக் குட்டி போடற கழிவை நாள் முழுக்கக் கழுவி விடற வேலை, எல்லாமே 35-ஆம் நாளுக்கும் 56-ஆம் நாளுக்கும் நடுவுல இருக்கிற மூணு வாரத்துலதான் வந்து குவியும். அந்த மூணு வாரத்தை அப்படியே நம்ம தலையில கட்டிட்டா வித்தவருக்கு லாபம். நமக்கு 9,000 ரூபாய் சல்லிசா தெரியறது அதனாலதான்.

குட்டிக்கு என்ன நஷ்டம்னு கேட்டீங்கன்னா, ரெண்டு. தாயோட முதல் பாலில் இருந்து கிடைச்ச நோய் எதிர்ப்பு சக்தி ஒரு ஆறேழு வாரத்துல இருந்து மெல்ல இறங்க ஆரம்பிக்கும். அது உடம்புல நிறைய இருக்கும்போது தடுப்பூசி போட்டா, அந்த எதிர்ப்பு சக்தியே ஊசி மருந்தையும் அமுக்கிடும். அது இறங்கின பிறகுதான் ஊசி பிடிக்கும். எந்தக் குட்டிக்கு எந்த வாரம் இறங்கும்னு வெளியில இருந்து தெரியாது. அதனாலதான் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள்ள ஆரம்பிச்சு, மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவைன்னு 16 வாரம் தாண்டும் வரைக்கும் போடச் சொல்றாங்க. 30 நாள் குட்டிக்கு "முதல் ஊசி போட்டாச்சு"ன்னு சொன்னா, அது உண்மையாவே இருந்தாலும் பெருசா பிரயோஜனம் இல்லை. அதுக்கு மேல அட்டைப் பெட்டி, பஸ், புது வீடு, புதுத் தீனி.

இன்னொண்ணு கடிக்கிற பழக்கம். குட்டிங்க ஒண்ணையொண்ணு கடிச்சு விளையாடும்போது, அழுத்திக் கடிச்சா மத்தது கத்திட்டு விளையாட்டை நிறுத்திடும். தாயும் உறுமும். எவ்வளவு அழுத்தம் போடலாம்னு பல்லுக்கு அளவு படியறது அங்கதான். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல அரியர் வெச்சவங்களுக்கும் இது புரியும், ஃபீட்பேக் இல்லாம எந்த சிஸ்டமும் செட்டில் ஆகாது. அஞ்சு வாரத்துல பிரிச்சுத் தூக்கிட்டு வந்துட்டு, ஆறு மாசம் கழிச்சு "லேப்னு சொன்னாங்க, கையைக் கடிச்சு வெக்குது"ன்னு புலம்பினா யார் என்ன பண்றது.

சரி, தாயை ஏன் பார்க்கணும்? ஆட்டுக்கு என்ன காரணமோ அதேதான். விதிப்படி 18 மாசம் ஆகாத பெட்டை நாயைச் சேர்க்கைக்கு விடக் கூடாது, வாழ்நாள்ல அஞ்சு ஈத்துக்கு மேல எடுக்கக் கூடாது. ஆனா பெட்டை நாய் சராசரியா ஆறு ஏழு மாசத்துக்கு ஒரு தடவை பருவத்துக்கு வரும், சினைக் காலம் 63 நாள் சுமாருக்குத்தான். ஒவ்வொரு பருவத்துக்கும் விட்டுட்டே இருந்தா மூணு வருஷத்துல அந்த அஞ்சைத் தாண்டிடலாம். அப்படிப்பட்ட தாயைப் பார்த்தா உங்களுக்கே தெரியும். விலா எலும்பு எண்ணலாம், மடி தொங்கும், முடி திட்டுத் திட்டா கொட்டியிருக்கும், ஆளைக் கண்டா மூலைக்குப் போகும். "மதர் இங்க இல்ல ப்ரோ, ஃபார்ம்ல இருக்கு"ன்னு சொல்றவங்க மறைக்கிறது பெரும்பாலும் இதைத்தான். இல்லைன்னா அவங்க வெறும் தரகரா இருப்பாங்க, தாயை அவங்களே பார்த்திருக்க மாட்டாங்க. அந்த 2017 விதிகள் தரகரையும் சேர்த்துத்தான் பேசுது. நாய் வளர்த்து விக்கறவங்களும் சரி, நடுவுல கைமாத்தி விடறவங்களும் சரி, மாநில விலங்குகள் நல வாரியத்துல பதிவு பண்ணியிருக்கணும். அந்தப் பதிவுச் சான்றைக் காட்டுங்கன்னு கேட்க நமக்கு ஒரு கூச்சம். ஆயிரம் ரூபாய் ஹெட்போனுக்கு வாரன்ட்டி கார்டு கேட்கும்போது அந்தக் கூச்சம் எங்க போச்சுன்னு தெரியலை.

தாய் நல்லா கொழுகொழுன்னு இருந்தா மட்டும் போதுமான்னா, அதுவும் இல்லை. லேப்ரடார்ல பரம்பரையா வர்ற சிக்கல்கள் உண்டு. விழித்திரை மெல்ல மெல்ல அழிஞ்சு கண்ணு தெரியாம போறது ஒண்ணு. கொஞ்சம் வேகமா ஓடினாலே பின்னங்கால் துவண்டு விழற குறைபாடு இன்னொண்ணு. ரெண்டுக்கும் காரணமான ஜீன் ஒளிஞ்சு இருக்கிற வகை. தாய், தகப்பன் ரெண்டுமே பார்க்க நல்லா இருக்கும், ஆனா ரெண்டுக்கும் உள்ளே ஒவ்வொரு பிரதி இருந்தா, பிறக்கிற ஒவ்வொரு குட்டிக்கும் நாலுல ஒரு பங்கு ஆபத்து. பன்னிரண்டாம் வகுப்பு மெண்டல் கட்டம்தான், புதுசா ஒண்ணும் இல்லை. இதுக்கு டி.என்.ஏ. டெஸ்ட் இருக்கு. அப்புறம் இடுப்பு மூட்டு. பெரிய உடம்பு நாய்களுக்கு இடுப்புக் கிண்ணத்துல தொடை எலும்பு சரியா உட்காராத கோளாறு வரும். அது பல ஜீன், தீனி, எடை எல்லாம் சேர்ந்து முடிவாகிற விஷயம். அதனால தாய் தகப்பனுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துதான் சேர்க்கைக்கு விடணும்னு வெளிநாட்டுல பொறுப்பான ஆளுங்க நினைக்கறாங்க. அமெரிக்காவுல ஓ.எஃப்.ஏ.ங்கிற அமைப்பு 2 வயசு நிரம்பின பிறகு எடுத்த எக்ஸ்ரேவுக்குத்தான் இறுதிச் சான்றே தருது. நம்ம பக்கம் இதைக் கேட்டா பலர் ஒரு மாதிரி பார்ப்பாங்க. கேளுங்க, பரவாயில்லை. "அதெல்லாம் எங்க நாய்க்கு வராது"ன்னு சொல்றவரையும், "எக்ஸ்ரே எடுக்கலை, ஆனா இதோட பாட்டி 12 வயசு வரைக்கும் நல்லா நடந்துச்சு, போட்டோ காட்டறேன்"னு சொல்றவரையும் ஒரே தட்டுல வைக்க முடியாது. ரெண்டாவது ஆள் தன் நாயைக் கவனிச்சிருக்கார்.

பேப்பர் விஷயத்துலயும் ஒரு ஏமாத்து இருக்கு. "வித் பேப்பர் 20,000, வித்அவுட் பேப்பர் 9,000, ரெண்டும் சேம் குவாலிட்டி"ன்னு சொல்வாங்க. பேப்பர்னா சென்னையைத் தலைமையிடமா வெச்சு நடக்கிற கென்னல் கிளப் ஆஃப் இந்தியா, அதாவது கே.சி.ஐ. தர்ற வம்சாவளிச் சான்று. தாயும் தகப்பனும் பதிவாகியிருந்தா குட்டியைப் பதிவு பண்ண ஆகிற கட்டணம், குட்டி விலையோட ஒப்பிட்டா சின்னத் தொகைதான். அப்போ 11,000 வித்தியாசம் எங்கிருந்து வந்துச்சு? ஒண்ணு அந்தக் குட்டிங்க வேற வேற தாய்க்குப் பிறந்தது, இல்லைன்னா யாரோட பேப்பரையோ யாருக்கோ ஒட்டறாங்க. பேப்பர்ல இருக்கிற மைக்ரோசிப் நம்பரும் நாய் உடம்புல இருக்கிறதும் ஒண்ணான்னு ஸ்கேன் பண்ணிக் காட்டச் சொல்லுங்க. இன்னொரு விஷயம், அந்தப் பேப்பர் யாருக்கு யார் பிறந்ததுன்னு மட்டும்தான் சொல்லும். நாய் ஆரோக்கியமா இருக்குன்னு அது சொல்லவே இல்லை.

கலருக்குக் காசு கொடுக்கறதும் அப்படித்தான். கருப்பு, மஞ்சள், சாக்லேட், லேப்ல மூணே கலர்தான். கோல்டன், க்ரீம், ஃபாக்ஸ் ரெட்னு சொல்றதெல்லாம் மஞ்சளோட சாயல்கள். நம்ம ஊர்ல கருப்புக்கு மவுசு கம்மி, சாக்லேட்டுக்கு ஏக கிராக்கி. பிரிட்டன்ல கால்நடை மருத்துவமனைப் பதிவுகளை வெச்சு 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், சாக்லேட் லேப்ரடார்களோட இடைநிலை ஆயுள் 10.7 வருஷம், மத்த கலர்களுக்கு 12.1 வருஷம்னு வந்துச்சு. காதுல, தோல்ல வர்ற நோயும் சாக்லேட்டுக்குத்தான் அதிகம். கலரே நேரடிக் காரணமா இல்லாம இருக்கலாம். கலருக்காகவே சின்ன வட்டத்துக்குள்ள திரும்பத் திரும்பச் சேர்க்கை பண்ணினதோட விளைவா இருக்கலாம்னு அந்த ஆய்வாளர்களே யோசிக்கறாங்க. எனக்கென்னவோ இதுவும் நாம கேட்டு வாங்கின வினைன்னுதான் தோணுது.

இதெல்லாம் படிச்சுட்டு "அப்போ லேப்பே வாங்கக் கூடாதா?"ன்னு கேட்பீங்க. முதல்ல எதுக்குன்னு யோசிங்க. தோட்டக் காவலுக்குன்னா லேப் சரிப்படாது. வர்றவன் டார்ச் லைட்டை அதுவே தூக்கிட்டு வழி காட்டும். காவலுக்கு நம்மகிட்ட ராஜபாளையம் இருக்கு, தேனிப் பக்கத்துக் கோம்பை இருக்கு, ஒண்ணும் இல்லைன்னா தெருவுல பிறந்த நாட்டு நாய் இருக்கு. எங்க தோட்டத்து மணி அப்படி வந்ததுதான், எட்டு வருஷமா ஒரு ஆடு தொலைஞ்சதில்லை. லேப்ரடாரோட முன்னோர் கனடாவோட நியூஃபவுண்ட்லாந்துத் தீவுல, குளிர்ந்த கடல்ல மீனவங்களோட வேலை பார்த்த நாய்கள். ரெட்டை அடுக்கு முடி அந்தத் தண்ணிக்காக வந்தது. வேடசந்தூர் சித்திரை வெயில் அதுக்குப் பழக்கமில்லாத ஊரு. 2024-இல் தமிழக அரசு அறிவிச்ச நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம்ம சீதோஷ்ணத்துக்கு ஒத்து வராதுன்னு ஹஸ்கி, பக், செயின்ட் பெர்னார்ட்னு 11 இனங்களைச் சொல்லியிருந்தாங்க. அந்தப் பட்டியல்ல லேப் இல்லை. அதுக்காக மத்தியானம் தகரக் கொட்டகையில சங்கிலி போட்டுக் கட்டலாம்னு அர்த்தம் இல்லை. விடியறதுக்கு முன்னாடி ஒரு நடை, பொழுது சாஞ்சு தரை ஆறினதுக்கு அப்புறம் ஒரு நடை, பகல்ல நிழலும் தண்ணியும். இதுக்கு வீட்ல ஆள் இருக்கணும்.

தீனி பத்தி ஒண்ணே ஒண்ணு. லேப்புக்குப் பசி அடங்காதுன்னு சொல்றது சும்மா இல்லை. கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் லேப்ரடார்ல கிட்டத்தட்ட நாலுல ஒண்ணுக்கு, வயிறு நிறைஞ்சதை மூளைக்குச் சொல்ற ஒரு ஜீன்ல கோளாறு இருக்கறதைக் கண்டுபிடிச்சாங்க. 2002-இல் வெளியான இன்னொரு ஆய்வில் 48 லேப்ரடார்களை ஜோடி ஜோடியா பிரிச்சு, ஒண்ணுக்கு இன்னொண்ணைவிட 25 சதவீதம் குறைவா தீனி போட்டு வாழ்நாள் பூரா பார்த்தாங்க. அளவா சாப்பிட்டதுங்க இடைநிலைக் கணக்குல 1.8 வருஷம் கூடுதலா வாழ்ந்துச்சு. பாவமா பார்க்குதேன்னு திண்டுக்கல் பிரியாணி எலும்பை வீசறவங்க இதைக் கொஞ்சம் நினைச்சுக்கங்க. வேக வெச்ச எலும்பு உடைஞ்சு குடலைக் குத்தும், வெங்காயம் நாய்க்கு ஆகவே ஆகாது.

க்ரூப்புல வந்த அந்தக் குட்டி விஷயத்துக்கு வர்றேன். வித்தவர் நம்பருக்கு நானே மெசேஜ் போட்டேன். தாயோட குட்டி நிக்கற மாதிரி ஒரு வீடியோ அனுப்புங்க, 56 நாள் முடிஞ்சதும் நேர்ல வந்து எடுத்துக்கறோம், அட்வான்ஸ் இப்பவே போட்டுடறோம்னு மரியாதையாத்தான் கேட்டேன். "ப்ரோ நீங்க டைம் பாஸ், சீரியஸ் பையர் மட்டும் மெசேஜ் பண்ணுங்க"ன்னு வந்துச்சு. அடுத்த மெசேஜுக்கு ஒத்தை டிக்தான். ஸ்க்ரீன்ஷாட் க்ரூப்புல போட்டிருக்கேன், பாருங்க.

பரிசா கொடுக்கறதுலயும் எனக்கு ஒரு நெருடல் இருக்கு. ஃபைனல் இயர்ல பிளேஸ்மென்ட், அப்புறம் சென்னையோ பெங்களூரோ. பி.ஜி.யில நாய் வெச்சுக்க விடமாட்டாங்க. லேப் பத்துப் பன்னிரண்டு வருஷம் வாழும். அதுல முதல் ஒண்ணரை வருஷம்தான் நம்மது, மிச்சம் அம்மாவோடது. நாம ரீல்ஸ் போடுவோம், அவங்க கழுவுவாங்க. அவங்களைக் கேட்காம 18 பேர் சேர்ந்து முடிவு பண்றோம்.

எங்க வீட்ல கேட்டோம். பார்வோ வைரஸ் மண்ணுல மாசக்கணக்கா கிடக்கும்கிறதால ஒரு வருஷம் எந்தக் குட்டியும் கொண்டு வராதீங்க, தரையை ப்ளீச்சிங் போட்டுக் கழுவுங்கன்னு டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு வருஷம் முடிஞ்சதும், அவருக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டுக்கு மதுரைப் பக்கம் போனோம். ரெண்டே ரெண்டு பெட்டை லேப் வெச்சிருக்காங்க, ரெண்டும் வீட்டுக்குள்ளதான். போனதும் தாய் நாய் வாலாட்டிட்டே வந்து அப்பா வேட்டியை மோந்து பார்த்துச்சு, ஆட்டு வாசம் போல. அப்பா திண்ணையில உட்கார்ந்து அதோட பல்லு, கண்ணு, காது, முதுகு எல்லாம் ஆற அமரப் பார்த்தார். இது எத்தனாவது ஈத்துன்னு கேட்டார். ரெண்டுதான், போன வருஷம் போட்டதால இந்த வருஷம் விடலை, அடுத்த தைக்கு மேலதான் குட்டி கிடைக்கும்னாங்க அந்த அக்கா. பரவாயில்லை, காத்திருக்கோம்னார்.

அப்புறம் அவங்க எங்களைக் கேள்வி கேட்க ஆரம்பிச்சாங்க. சொந்த வீடா, காம்பவுண்டு இருக்கா, கட்டிப் போடுவீங்களா, இதுக்கு முன்னாடி வெச்சிருந்த நாய் எப்படிச் செத்துச்சு. எல்லாத்துக்கும் உண்மையைச் சொன்னோம். கடைசியா என்னைப் பார்த்து, "தம்பி வேலைக்குப் போயிடுவாரு, பாப்பாவும் காலேஜ் போயிடும், அப்ப யாருங்க பார்த்துக்குவாங்க?"ன்னு கேட்டாங்க. நாங்க மூணு பேரும் அம்மா பக்கம் திரும்பினோம்.

அம்மா ரொம்ப நேரம் அந்த நாயையே பார்த்துட்டு, "முடி கொட்டுமா?"ன்னு கேட்டாங்க.

"கொட்டும்க்கா. வருஷம் பூரா."

"சரி, பேரை எழுதிக்கங்க"ன்னாங்க அம்மா.